உறவின் உருபு

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சு வார்க்கும் வேலையிலேயே தலை நரைத்துப்போன ஒருவர், மாசி மகத் தேர் ஓடி முடிந்த வாரத்தில் ஒரு மாலைப் பொழுது, நக இடுக்குகளில் வெள்ளைக் களிமண் உலர்ந்திருந்த தம் கைகளில் ஓர் ஆங்கிலப் பாரத்தை அழுக்குப் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். முப்பது ஆண்டுக்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதித்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே அபராதத்துக்காக இவ்வூரின் விண்ணப்பங்களும் பாரங்களும் இன்றளவும் என்னைத் தேடி வருவது வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை என் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் முடிந்துவிடும் காரியங்களே. இதுவும் அத்தகையதுதான் என்று எண்ணினேன். அவருடைய அக்காள் மகன் இவ்வூரிலேயே பீங்கான் தொழில்நுட்பம் படித்துவிட்டு வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான், குடும்பத்து மூத்தவர் ஒருவர், தமக்கும் அவனுக்கும் உள்ள உறவைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும், அவ்வளவே.

உறவைக் குறிக்கும் இடத்தில், அவருடைய இளைய மகள் பென்சிலால் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தாள். 'நெஃப்யூ' என்ற சொல்லைத் தேடிப் பிடித்தவள், அதையும் தன் தகப்பனாரையும் இணைப்பதற்கு 'வித்' என்ற இடைச்சொல்லைப் போட்டிருந்தாள். பழைய வழக்கப்படி என் பேனா அதை அடித்து 'டு' என்று திருத்தியது. திருத்தியதைக் கவனித்தவர் கேட்டார்:

"ஏன் சார், அது தப்பா? 'கூட'ன்னு அர்த்தம்னு பொண்ணு சொன்னாளே. கூட இருக்கிறதுதானே சார் ஒறவு?"

நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார்: "அதுவும் ஒரு வகைக்குச் சரிதான் சார். அவன் எனக்கு மருமவன்தான். ஆனா அவங்க வீட்டோட எனக்கு ஒறவு இல்ல. ஏழு வருஷமாப் பேச்சு இல்ல."

முப்பது ஆண்டு சிவப்பு மையால் நான் விளக்க முயன்று விளங்காமற்போன வேற்றுமையை, ஆங்கிலம் அறியாத ஒருவர் ஒரே மூச்சில் தமிழில் சொல்லிவிட்டார். 'எனக்கு உறவு; என்னோடு உறவு இல்லை.' இவ்விரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினாலும், இந்நாட்டில் எந்தத் தெருவிலும் ஒரு மனிதர் இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சொல்வதைக் கேட்டு எவரும் வியப்படைவதில்லை. 'கு' என்ற உருபால் குறிக்கப்படும் உறவு, பேச்சு அற்றாலும் பாகம் பிரிந்தாலும் அறுவதில்லை. சாவு விழுந்தால் தீட்டு வந்து அதை மெய்ப்பித்துவிடும். 'ஓடு' என்ற உருபால் குறிக்கப்படும் உறவோ, ஒரு கலியாணப் பந்தியில் இலை போட மறந்ததற்காகக்கூட அற்றுப்போகக் கூடியது. ஆங்கிலேயன் 'ரிலேஷன்ஷிப் டு' என்றும் 'ரிலேஷன்ஷிப் வித்' என்றும் பிரித்து, முன்னதைப் பிறப்பாலும் மணத்தாலும் அமைந்த நிலைக்கும், பின்னதை நடைமுறைப் பழக்கத்துக்கும் வழங்குவது இதே பேதத்தைத்தான். மனிதர்கள் எங்கும் ஒரே மாதிரிதான் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் போலும்.

பாரத்தைக் கையெழுத்துக்கு ஆயத்தம் செய்து கொடுத்து அவரை அன்றே அனுப்பியிருக்கலாம். ஆனால் 'மருமகன்' என்ற சொல் என்னை நிறுத்தியது. "உங்களுக்கு மூத்த மகள் ஒருத்தி உண்டல்லவா?" என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். அந்தப் பெண்ணை இந்தப் பையனுக்குக் கொடுப்பதாகச் சிறு வயதிலேயே பேச்சு. கடைசியில் அக்காள் வீட்டார் வேறிடத்தில் பெண் எடுத்தார்கள். பேச்சு நின்றது அதனால்தான். அக்காள் மகன் என்ற முறையில் பிறந்தபோதே மருமகனாயிருந்தவன், மகளின் கணவன் என்ற முறையில் மறுபடியும் மருமகன் ஆகவேண்டியவன், முதலாவதாகவே நின்றுவிட்டான். தமிழ்ச் சொல் இரண்டுக்கும் ஒன்றே. ஆங்கிலப் பாரமோ அவனை 'நெஃப்யூ' என்று பதிந்துகொண்டு, அவன் ஆகாமற்போன மற்றொன்றைப்பற்றி யாதொன்றும் கேளாமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது.

அந்த மற்றொன்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரில் 'இன் லா' என்று ஓர் ஒட்டு உண்டு. சட்டத்தால் மகன், சட்டத்தால் சகோதரன் என்று பொருள்படும் அவ்வொட்டில் உள்ள சட்டம் அரசாங்கத்தின் சட்டமன்று. கிறிஸ்தவத் திருச்சபையின் பழைய விதி. மணத்தால் உண்டான இன்னின்ன உறவினரைப் பின்னர் மணந்துகொள்ளலாகாது என்று அவ்விதி விலக்கி வைத்தது; அவ்விலக்கின் அடையாளமாகவே அவ்வொட்டு அப்பெயர்களில் தங்கியிருக்கிறது. நம்முடைய 'முறை' என்ற சொல்லோ நேர் எதிரான திசையில் கை காட்டுகிறது: முறைப்பெண், முறைமாமன், முறை உள்ளவன் என்றெல்லாம் சொல்லும்போது, யாரை மணக்கலாகாது என்பதைவிட, யாரை மணக்கும் உரிமை உண்டு என்பதையே அச்சொல் முதன்மையாக உரைக்கிறது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து வழக்கறிஞராயிருந்த லூயிஸ் ஹென்றி மார்கன் என்பவர், தம் நாட்டுச் செனெகா இந்தியரின் உறவுப் பெயர்களைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, பாதிரிமார் மூலம் கிடைத்த தமிழ் உறவுப் பெயர்களும் அவற்றோடு ஒத்திருப்பதைக் கண்டு திகைத்து, 1871இல் வெளியிட்ட பெரு நூலில் அவ்விரண்டையும் அருகருகே வைத்தார். பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1953இல் எழுதிய கட்டுரையில், மாமன், மச்சான், அத்தை முதலிய திராவிட உறவுப் பெயர்கள் இரத்த வழியை மாத்திரம் கணக்கிடுவன அல்ல, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் மண உடன்படிக்கையையே மொழிவன என்று நிறுவினார். மாமன் என்பவன் தாயின் உடன்பிறந்தான் என்பதைவிட, பெண் கொடுக்கும் வீட்டான் என்பதே அடிப்படை. அப்படியானால், பெண் கொடாமலும் கொள்ளாமலும் நின்றுபோன ஒரு மாமன், அந்தச் சொல்லின் எந்தப் பாதியில் நிற்கிறான்? இக்கேள்வியை அவரிடம் கேட்கும் துணிவு எனக்கில்லை.

அன்றிரவு நன்னூலை எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் என்னும் சமணப் பெரியார் இயற்றிய அந்நூல், நான்காம் வேற்றுமையாகிய 'கு' உருபின் பொருள்களை எண்ணும்போது, கொடையை முதலிலும் பகையை அதற்கு அடுத்தும் வைத்து, முறையைக் கடைசியில் வைத்து முடிக்கிறது. உரைகாரர் தரும் உதாரணம், சாத்தனுக்கு மகன் என்பது. பிள்ளைப் பிராயத்தில் நெட்டுருச் செய்த சூத்திரந்தான். எனினும் கொடையும் பகையும் முறையும் ஒரே உருபின் கீழ் குடியிருக்கின்றன என்பது, பெண் கொடுக்கப் பேசிப் பகை கொண்ட ஒரு மனிதரைத் திண்ணையில் சந்தித்த பிறகுதான் எனக்குப் புலப்பட்டது.

இதைவிட ஆச்சரியமான ஒரு விதி தொல்காப்பியத்தில் இருக்கிறது. உடைமைப் பொருளைத் தருவது ஆறாம் வேற்றுமை. அதன் உருபு 'அது'. சாத்தனது வீடு, சாத்தனது ஆடை என்று அஃறிணைப் பொருள்களுக்கு அவ்வுருபு தடையின்றி வரும். ஆனால் உடைமையாக வருவது உயர்திணையாயின், அதாவது ஒரு மனிதனாயின், அங்கே 'அது' நிற்கலாகாது. அது கெட்டு அவ்விடத்தில் 'கு' வந்து நிற்கவேண்டும் என்கிறார் தொல்காப்பியர். 'நம்பி மகன்' என்ற தொடரை விரித்தால் நம்பியது மகன் என்று விரிப்பது வழு. நம்பிக்கு மகன் என்று விரிப்பதே நெறி. 'எனது தந்தை' என்று கட்டுரையில் எழுதிய மாணவனைப் பழைய தமிழாசிரியர்கள் பெஞ்சின்மேல் ஏற்றியது இக்காரணம் பற்றியே. 'அது' என்ற உருபு 'அது' என்ற சுட்டையே நினைவூட்டுவது. அதை ஒட்டினால் அப்பனும் அஃறிணையாகிவிடுவான். இதை வெறும் திணை இயைபு பற்றிய சொல்லிலக்கண நுட்பம் என்று தள்ளிவிடுவோரும் உளர். அவர்கள் சொல்வது இலக்கணத்தில் தவறன்று. ஆயினும், ஒரு மனிதனை மற்றொரு மனிதனின் உடைமையாகச் சொல்ல நா எழாத ஒரு பாஷை, அந்த இடத்தில் நிரப்புவதற்குக் கொடையின் உருபைத் தேர்ந்துகொண்டது என்பதை ஒரு யதேச்சையான நிகழ்ச்சி என்று விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை.

ஆங்கிலத்தில் இந்தக் கூச்சம் இல்லை. மகனுக்கும் வீட்டுக்கும் அங்கே ஒரே 'ஆஃப்' போதும். அந்த 'ஆஃப்' கச்சேரி வழியாக நம் நாட்டுக்கு வந்து, ஓர் எழுத்தும் சாய்கோடும் மற்றோர் எழுத்துமாகச் சுருங்கி, இன்று நம் ரேஷன் அட்டை முதல் நிலப்பட்டா வரையில் நம்மை இன்னாருடைய மகன், இன்னாருடைய மனைவி என்று அடையாளமிட்டுக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் பத்திரங்களில் அதற்கு ஈடாகத் 'த/பெ' என்றும் 'க/பெ' என்றும் எழுதுகிறோம்: தந்தை பெயர், கணவர் பெயர். பெயர்தான் அங்கே சொல்லப்படுகிறதேயன்றி உடைமை சொல்லப்படவில்லை. குமாஸ்தா ஒருவர் அவசரத்தில் கண்டுபிடித்த சுருக்கம் தொல்காப்பியரின் விதியை மீறாமல் தப்பித்திருக்கிறது. 'மேரீட் வித்' என்று எழுதிய பிள்ளைகளை எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். இன்னாரோடு கலியாணம் என்ற தமிழை அவர்கள் மொழிபெயர்த்துவிட்டார்கள். பெண்ணை இன்னாருக்குக் கொடுத்திருக்கிறது என்ற மற்றொரு தமிழை நினைத்திருந்தால் 'டு' தானாக வந்திருக்கும் என்பதை ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்தேனா என்றால், இல்லை.

வடமொழி இலக்கணக்காரர்கள் இவ்விஷயத்தில் மற்றொரு வழியில் ஜாக்கிரதையாயிருந்தார்கள். பாணினி, செயலோடு பொருந்தும் காரகங்களுக்கெல்லாம் விபக்திகளை வகுத்துக் கொடுத்துவிட்டு, அவற்றில் அடங்காமல் எஞ்சியது எதுவோ அதற்கு ஆறாம் விபக்தி என்று விட்டுவிடுகிறார். சம்பந்தம் என்பது அவர் கணக்கில் மிச்சம். பர்த்ருஹரி தமது வாக்கியபதீயத்தில் சம்பந்தத்துக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குத் தன் சொந்த ஸ்வரூபத்தைச் சொல்லும் சொல் எதுவும் இல்லை என்கிறார். ஏனெனில் அது எப்போதும் பிறவற்றைச் சார்ந்தே நிற்பது. பெயர் வைத்துச் சுட்டிய மறுகணமே அது இரு பொருள்களுக்கு இடையில் நிற்பதை விட்டுவிட்டு மூன்றாவது பொருளாகிவிடுகிறது. உறவை உருபுதான் சொல்ல முடியும். பெயர் சொல்ல முடியாது.

அந்த மூன்றாவது பொருளை வைத்துக்கொண்டுதான் நையாயிகர்களும் வேதாந்திகளும் நூற்றாண்டுகளாக வாதாடினார்கள். இரு பொருள்கள் சேர்ந்து பின் பிரியக்கூடுமாயின் அது ஸம்யோகம். நூலும் ஆடையும்போல, நிறமும் மலரும்போலப் பிரியாமல் பற்றி நிற்பது ஸமவாயம் என்றார்கள் முன்னவர்கள். பிரியாத அந்த ஸமவாயம் தான் இணைக்கும் பொருள்களோடு எதனால் இணைந்திருக்கிறது, அதற்கு இன்னொரு ஸமவாயம் வேண்டாவா, அதற்கு மற்றொன்று வேண்டாவா என்று முடிவில்லாப் பின்னோட்டத்தைக் காட்டி அதை மறுத்தார் சங்கரர். இந்த வாதத்தில் இரு சாராருக்கும் இடைவிடாத உதாரணம் குடம். தண்டும் சக்கரமும் களிமண்ணும் தெரியாத தர்க்க வித்தியார்த்தி இல்லை; ஆனால் அவர்களில் எத்தனை பேர் மண்ணில் கை வைத்திருப்பார்கள் என்பது சந்தேகமே.

விருத்தாசலத்தில் அந்த உதாரணங்கள் உயிரோடிருக்கின்றன. மறுநாள் தொழிற்பேட்டைக்குப் போய் அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூழ்போல் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் வார்க்கிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் ஓடுபோல் பிடித்துக்கொள்கிறது. மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, இறுகியபின் அச்சைப் பிரிக்கிறார்கள். கோப்பைக்குப் பிடி தனியாகச் செய்யப்படுகிறது. பிடியை அதே மண் கூழைத் தொட்டு ஒட்டவேண்டும். ஒட்டும் வேளையில் கோப்பையும் பிடியும் ஒரே பதத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் தொழிலின் ரகசியம். ஒன்று அதிகம் காய்ந்தும் மற்றொன்று நனைந்தும் இருந்தால், காயும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, ஒட்டிய இடத்திலேயே விரிசல் காணும். "ஈரம் ஒண்ணா இருக்கணும் சார். இல்லாட்டி சூளையில போயிடும்" என்றார். சூளையிலிருந்து வெந்து வந்த கோப்பையில் பிடி எங்கே முடிகிறது, கோப்பை எங்கே தொடங்குகிறது என்று காட்டச் சொன்னேன். காட்ட முடியவில்லை. ஒட்டும்போது ஸம்யோகமாயிருந்தது நெருப்பில் என்னவாயிற்று என்று எந்த நையாயிகரைக் கேட்பது?

தர்க்க சாஸ்திரத்தில் எனக்கு எப்போதும் சிரிப்பூட்டிய ஓர் இடம் உண்டு. குடத்துக்குக் காரணம் யார் என்ற ஆராய்ச்சியில், காரணம்போல் தோன்றியும் காரணமாகாதவற்றை 'அந்யதாஸித்தம்' என்று ஒதுக்குவார்கள். அப்படி ஒதுக்கப்படுகிறவர்களில் ஒருவர் குயவனுடைய தகப்பனார். அவர் குயவனுக்குக் காரணமேயன்றிக் குடத்துக்குக் காரணமல்லர். தர்க்கம் குற்றமற்றதுதான். அச்சு வார்க்கும் இந்தக் கையோ, இடக்கையால் அச்சைச் சற்றே சாய்த்துப் பிடிக்கும் அந்தச் சாய்வைத் தம் தகப்பனாரிடமிருந்து கற்றதாகச் சொன்னது. குடத்துக்குத் தகப்பனார் என்ன உறவு என்று கேட்டால், ஆறாம் வேற்றுமையாலோ மூன்றாம் வேற்றுமையாலோ சொல்ல முடியாது. 'கு' வேண்டுமானால் சொல்லக்கூடும்.

இவ்வளவும் மனிதருக்குள் உள்ள உறவு. ஆன்மாவுக்கும் ஆண்டவனுக்கும் உள்ள உறவை எந்த உருபால் சொல்வது என்ற கேள்வி, இந்த ஊரைச் சுற்றியுள்ள பூமியில் புதிதன்று. சுந்தரமூர்த்தி நாயனாரின் கலியாணப் பந்தலில் ஒரு கிழ வேதியராக வந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டி, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்காடி வென்றார் இறைவன் என்பது பெரிய புராணம். மணத்தால் உண்டாகவிருந்த உறவை நிறுத்தி, உடைமை உறவை நிலைநாட்டிய வழக்கு அது. அவ்வாறு பத்திரத்தால் ஆட்கொள்ளப்பட்டவர் பின்னர் அவரைத் தோழனாக்கிக்கொண்டு, முதுகுன்றம் எனப்படும் இதே விருத்தாசலத்தில் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொண்டார். அதைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப் படுவது மற்றொரு சம்பவம். நாட்டியத்தான்குடியில் கோட்புலி நாயனார் தம் மகளிராகிய சிங்கடி, வனப்பகை என்ற இருவரையும் அழைத்து வந்து, அடிமையாக ஏற்றுக்கொள்ளும்படி சுந்தரரை வேண்டியபோது, அவர் அப்பெண்களை அடிமையாக ஏற்கவில்லை. என் மக்கள் என்று ஏற்றார். பின்பு தம்மைச் சிங்கடிக்கு அப்பன் என்றே பாட்டில் சொல்லிக்கொண்டார். ஓலைச் சீட்டினால் உடைமையாக்கப்பட்ட ஒருவர், தமக்கு உடைமையாகக் கொடுக்கப்பட்டவர்களை உருபு மாற்றி ஏற்றுக்கொண்டார்.

இவ்வூர் அம்பிகையின் கதையும் ஒரு சொல்லின் இரட்டைப் பொருளில் நிற்பதே. திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் குரு நமசிவாயர் இங்கே பசியோடு தங்கி, பெரியநாயகியைப் பழமலைநாதரின் கிழத்தி என்று பாடி அன்னம் கேட்டாராம். கிழமை என்றால் உரிமை. கிழத்தி என்றால் உரிமையுடையவள், மனைவி. ஆறாம் வேற்றுமையின் பொருளுக்கே இலக்கணத்தார் கிழமை என்றுதான் பெயரிட்டார்கள். அம்பிகையோ அச்சொல்லை மற்றப் பொருளில் எடுத்துக்கொண்டு முதியவளாக வந்து, கிழவியால் எப்படியப்பா சோறு கொண்டுவர முடியும் என்று கேட்டாளாம். புலவர் வேறு பாட்டுப் பாடி இளமையாக்கிய பிறகே அன்னம் வந்தது; இளைய நாயகி சன்னிதி உண்டானதற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். உறவைச் சொல்லும் சொல்லைக் கொஞ்சம் கவனக்குறைவாகக் கையாண்டால் பட்டினிதான்.

பாரத்தில் உறவைத் தவறாக எழுதினாலும் ஏறக்குறைய இதே கதிதான் என்று அச்சுக்காரரிடம் இக்கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

விருத்தாசலத்துக்கு அண்டையிலுள்ள பெண்ணாடத்தில் அச்சுத களப்பாளருக்கு மகனாகப் பிறந்து, திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்த மெய்கண்டார், பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அருளினார். மாமன் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பதனாலோ என்னவோ, பிரிந்திருந்தும் பிரியாமையைப்பற்றி அவர் அளவுக்கு நுட்பமாகச் சிந்தித்தவர் இல்லை என்று எனக்குத் தோன்றும். இதைச் சைவ சித்தாந்திகள் மன்னிக்கவேண்டும். அத்துவிதம் என்றால் பொருள் ஒன்றே என்பதல்ல. இரண்டாய் நிற்கும் பொருள்கள் இரண்டென்று பிரித்தறியவொண்ணாமல் நிற்கும் சம்பந்தத்துக்கே அப்பெயர் என்பது அவர் கொள்கை. உடலும் உயிரும்போல் ஒன்றாதல், கண்ணும் சூரியனும்போல் வேறாதல், கண்ணொளியும் உயிரறிவும்போல் உடனாதல் என்று அவர் மரபில் வந்தவர்கள் மூவகையாக விளக்கினார்கள். 'உடனாதல்' என்பது 'ஓடு' உருபின் பொருள். ஆனால் திண்ணையில் நான் கேட்ட 'ஓடு' அறுந்துபோகும் ஓடு. இவர்கள் சொல்வது அறாத ஓடு. இரண்டையும் ஒரே உருபால் சொல்ல நேர்ந்த சங்கடத்தை உணர்ந்துதானோ என்னவோ, பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் உருபை விட்டுவிட்டுப் புணர்ச்சி விதியைக் கையிலெடுத்தார். தாள் என்பது இறைவன் திருவடி. தலை என்பது அடியவனுடையது. இரண்டும் சேர்ந்தால் 'தாடலை'. ளகரமும் இல்லை, தகரமும் இல்லை; இரண்டும் கெட்டு டகரம் ஒன்றே ஒலிக்கிறது. இரு சொற்கள் இருக்கின்றன என்பது அறிந்தவனுக்குத் தெரியும். எங்கே பிரிப்பது என்பது காதுக்குத் தெரியாது. வெந்த கோப்பையில் பிடியைத் தேடிய எனக்கு இந்த உவமை இவ்வளவு தாமதமாகவா விளங்கவேண்டும் என்று வெட்கமாயிருந்தது.

எனினும் சாமானிய ஜனங்கள் தாடலையோடு திருப்தியடைவதில்லை. கடவுளுக்கும் முறை வைத்து அழைத்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் தாங்கிய புதுமைப்பித்தன், தம் கதையொன்றில் கந்தசாமிப் பிள்ளையின் வீட்டுக்குக் கடவுளைக் கூட்டிவந்தபோது, கைலாசபுரத்துப் பெரியப்பா என்றுதான் அறிமுகம் செய்வித்தார். முறை சொல்லாமல் ஒருவரை வீட்டுக்குள் நுழைய விடுவது எப்படி? முருகனோ திருமாலின் தங்கை மகன் என்ற வகையில் மருமகன். வள்ளியும் தெய்வயானையும் முற்பிறப்பில் திருமாலின் மகளிர் என்று கந்த புராணம் கூறுவதால் அந்த வகையிலும் மருமகன். அச்சுக்காரருக்குக் கூடாமற்போனது திருமாலுக்குக் கூடிற்று. மால்மருகன் என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் பெயர்க்க முயன்றவர்கள் 'நெஃப்யூ' என்பதா, 'சன் இன் லா' என்பதா என்று தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மருமகன் இவ்வூருக்கருகே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பராக, உருவமின்றிப் பலிபீட வடிவில் கொலுவிருந்து, நீதிபதியாகவும் உத்தியோகம் பார்க்கிறார். வழக்குள்ளவர்கள், இன்ன ஊரில் இன்னார் மகனாகிய இன்னார் என்று தொடங்கி, தம் குறையை வெள்ளைத்தாளில் எழுதி அவர் திருமுன் வைத்துப் பிராது கட்டுகிறார்கள். களவுபோன பொருளுக்கும், திரும்பாத கடனுக்கும், பேச்சு முறிந்த உறவுக்கும் அங்கே பிராது உண்டு. காரியம் முடிந்ததும் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ராஜினாமாவும் எழுதிக் கொடுக்கவேண்டும். கொடாமல் விட்டால் வழக்கு நிலுவையிலேயே நிற்கும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. எந்த இலக்கணமும் அறியாத பாமரர்கள் எழுதும் அந்தத் தாள்களில் என்ன உருபு போடுகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை; ஆனால் ஒருவர் பிராதை மற்றொருவர் படிக்கலாகாது.

தொழிற்பேட்டையிலிருந்து வந்த அன்று மாலையே, கையெழுத்திட வேண்டிய இடம் எது என்று தெரிந்துகொள்வதற்காக அவர் மறுபடியும் திண்ணைக்கு வந்தார். காட்டினேன். 'நெஃப்யூ டு' என்று நான் திருத்தியிருந்ததற்குக் கீழே தம் பெயரை நிதானமாக, தமிழில் எழுதினார். பிறகு பாரத்தை மடிக்காமல் ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்துக்கொண்டே, ஏழு வருஷத்துக்கு முன்னால் அக்காளின் பேரில் மணவாளநல்லூரில் ஒரு பிராது கட்டியதாகச் சொன்னார்.

"என்னவென்று எழுதினீர்கள்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கலாகாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அது கெடக்கட்டும் சார்" என்றார். படியில் இறங்கினவர் நின்று, "வெள்ளத்தாள் ஒண்ணு இருந்தாக் குடுங்க சார், கோடு போடாதது" என்றார்.